குடை, சபிக்கப்பட்டது, ஒன்று

புராணத்து முனிவர்கள் சாபம் கொடுத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடுத்த சாபத்துக்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சபிக்கப்பட்டவர் கையில் கொடுத்து, ஒன்றை ஃபைலில் கோத்து, மூன்றாவதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கிய ஆள், எனக்குத் தெரிந்து மூவுலகிலும், போர்ட் பிளேர் சாபக்கா ஒருவர்தான்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. நான் குமாஸ்தாவாக இருந்த அரசு அலுவலகத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். ஃபினாயில், துடைப்பம், சணல் கயிறு, அரக்கு என்று சகலமும் அவர் பூட்டுக்குள் இருந்தன. தமிழ் பேசுகிறவர்களுக்கு அவர் சாபக்கா. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் அந்தத் தீவில் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் அவர்களுக்கு ‘ஷ்ராப் மேடம்’, ஷ்ராப் என்றால் சாபம். பெரிய அதிகாரியே ஒரு தடவை ஃபைலில் ‘ஷ்ராப் மேடம் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டு அடித்தார்.

மதுரையிலிருந்து போய் வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவருடைய தரிசனம் கிடைத்துவிட்டது. பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், வந்த காரணம் என்று காலையிலிருந்து படிவம் படிவமாக நிரப்பிக் கை கடுத்துப்போய் ஸ்டோருக்குள் நுழைந்தேன். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏலே தம்பி, ஒரு சந்தேகம். ஒரு வாள் இருக்கு. வீசுனா குறி தப்பாது. அத வச்சிருக்கவன் தூக்கிப் போடவும் கூடாது, சந்தோசமா வச்சுக்கிடவும் கூடாது. என்ன செய்யலாம்?”

அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து தீவிலேயே தங்கிவிட்டவர். மகளுக்கு ஊர் தெரியாது, ஆனால் ஊர்ப் பேச்சு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

“வாள் ரொம்ப கனமா இருக்கலாம் மேடம்” என்றேன்.

“கனமா இருந்தா ஆள் வச்சுத் தூக்குவான். வேலைக்குச் சேந்துட்டல்லா, இனிமே யோசிச்சுப் பேசு.”

சாயங்காலம் நான் கிளம்பும்போது பின்னாலேயே ஓடி வந்தார். “கண்டுபிடிச்சிட்டேம்லே! ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால பேரு, அப்பா பேரு, சொந்த ஊரு, வீசுததுக்கான காரணம், நாலையும் சத்தமா சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் எதிரி காத்துக்கிட்டா இருப்பான்?” என்று சொல்லி, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து ஒருவருக்குக் கற்பனை ஊறியது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம், ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று. “குகைக்குள்ளே பூதம் நிக்கி, நீ என்ன செய்யுத?” என்று நடத்துபவர் கேட்பார். “ஓடுகிறேன்” என்பேன் நான். ஓடிப் பிழைத்தேனா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். குகையில் புதையல் கிடைக்கும், புதையலில் மந்திரப் பொருட்கள் இருக்கும், அவற்றில் சில சபிக்கப்பட்டவையாக இருக்கும். ஊர் உலகத்தில் விளையாட்டுக்காகச் சாபத்தைச் செய்வார்கள். அக்கா சாபத்துக்காக விளையாட்டை நடத்தினார்.

இதை அவர் கற்றுக்கொண்டது மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு கப்பலில். மூன்று நாள் பயணம். டெக்கில் யாரோ கல்லூரிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்ததை முதல் நாள் எட்ட நின்று பார்த்தாராம். இரண்டாம் நாள், “தம்பிகளா, அந்த மோதிரத்தோட சாபத்துல ஒரு ஓட்டை இருக்கு. கையில போட்டாத்தான் பலிக்கும்னு எழுதியிருக்கிய. கயித்துல கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டா என்ன செய்விய?” என்று கேட்டிருக்கிறார். கப்பல் போர்ட் பிளேர் துறையைத் தொட்டபோது பையன்கள் அவர் காலைத் தொட்டு இறங்கினார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கு இருபது முகம் கொண்ட பகடை வேண்டும். தீவில் எந்தக் கடையில் கிடைக்கும்? தச்சர் ஒருவரைப் பிடித்துப் படாக் மரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று இழைக்கச் சொன்னார். அது பத்து தடவை உருட்டினால் ஏழு தடவை பதினேழைத்தான் காட்டும். அதை மாற்றச் சொல்லி நாங்கள் மன்றாடினோம். “நீ பொறந்த நேரத்த மாத்த முடியுமால? அதுமாதிரிதான் இதுவும்” என்று சொல்லிவிட்டார்.

டெலானிபூர் மேட்டில் இருந்த அவருடைய குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். ஆடுகிறவர்கள் மூன்று பேர். நான் ஒரு திருடன். பாத்திரக் கடை காதர் பாய் ஒரு மந்திரவாதி. அவருடைய குடும்பம் ராமநாதபுரத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கிறது. மூன்றாவது ஆள் மித்தாலி தீதி, ஆஸ்பத்திரி நர்ஸ், வங்காளி. வாரம் ஆறு நாள் மனிதர்களுக்குக் கட்டுப் போட்டுக் களைத்துப்போனவர் என்பதால் ஏழாம் நாள் கோடாலிக்காரியாகத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பூதம் பேச வாயைத் திறப்பதற்குள் “மேரா குல்ஹாடி!” என்று தன் கோடாலியைக் கூப்பிட்டு மேஜையைக் குத்துவார். டீ கிளாஸ் எல்லாம் ஒரு அங்குலம் எழும்பி உட்காரும்.

காதர் பாய்க்கு மந்திரமே தேவைப்படாது. ஒரு தடவை டிராகன் வந்து, “உங்களில் இரண்டு பேரைத் தின்பேன்” என்றது. அதாவது அக்கா கர்ஜித்தார்.

“என்னங்க இப்படிச் சொல்றீங்க? வந்த உடனே ரெண்டு பேரா? மொதல்ல உக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா?” என்று ஆரம்பித்தார் பாய். முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் டிராகன் என்னுடைய இடது கைச் சுண்டுவிரலோடு திருப்திப்பட்டுப் போய்விட்டது. அந்த விரல் யாருடையது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. நினைத்த நாளில் நினைத்த நேரத்தில் வரும். அடுத்த வீட்டிலிருந்து “பானி ஆயா!” என்று குரல் கேட்டால் எந்தப் போரும் அந்தக் கணமே நின்றுவிடும். குடம், வாளி, டிரம் எல்லாம் நிறையும் வரை அசுரனும் கத்தியை ஓங்கியபடி நிற்பான். கோடாலிக்காரியும் மந்திரவாதியும் திருடனும் வரிசையில் நின்று வாளி கடத்துவோம். ஒரு நாள் தண்ணீர் ஒன்றரை மணி நேரம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது யார் யாரோடு சண்டை போட்டோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அசுரனோடு சமாதானமாகப் போய்விட்டோம்.

சாபம் செய்வதில் அக்காவுக்கு ஒரே ஒரு கொள்கை. “சாபம்னா ஆளக் கொல்லக் கூடாது. கொன்னுட்டா கத முடிஞ்சுபோச்சு, அதுக்கு எதுக்குச் சாபம், ஒரு பாறாங்கல்லு போதும். வரம் நல்லா இருக்கணும், சாபம் அத விட ஒரு நூல் கம்மியா இருக்கணும். எடுத்தவன் திட்டிக்கிட்டே மறுபடியும் எடுக்கணும்.”

அப்படி அவர் செய்த ஒரு ஜோடி செருப்பைப் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் நினைத்த ஊருக்குப் போய்விடலாம். ஆனால் இடது கால்தான் உடனே போகும். வலது கால் அடுத்த கப்பலில் வரும். தீவில் இருந்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை புரியும். நான் அந்தச் செருப்பைப் போட்டு, ஒற்றைக் காலோடு எதிரி அரண்மனை வாசலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கிறேன். கடல் சீற்றத்தால் கப்பல் ரத்து என்று அக்கா வாராவாரம் அறிவித்துக்கொண்டிருந்தார்.

சாபத்தை நீக்க மந்திரம் கிந்திரம் எல்லாம் அவரிடம் செல்லாது. அரசு ஸ்டோரில் ஒரு பொருளைக் கழித்துக் கட்ட வேண்டும் என்றால் மூன்று பேர் கொண்ட கண்டெம்னேஷன் போர்டு உட்கார்ந்து, பார்த்து, ‘இது உபயோகத்துக்கு லாயக்கில்லை’ என்று மூன்று கையெழுத்துப் போட வேண்டும். லாயக்கான பொருள் என்றால் பிரம்மாவே வந்தாலும் கழிக்க முடியாது. அதே சட்டம்தான் அக்காவின் மாய உலகத்திலும். இரண்டு பேர் கையெழுத்தை வாங்கிவிட்டு மூன்றாவதுக்காகப் பாதாளம் வரை அலைந்த பாவிகள் நாங்கள்.

அக்காவுக்குப் படம் வரையத் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு சாபத்துக்கும் ஒரு நிஜப் பொருளைத் தேடிப் பிடித்து, அதில் அலுவலகப் பாணியில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். பொருள், எண்ணிக்கை, வரம், சாபம், நீக்கும் முறை, எல்லாம் அதில் இருக்கும். மித்தாலி தீதியும் படிக்க வேண்டும் என்பதால் ஹிந்தியில் எழுதுவார். ஐந்து வருஷ உழைப்பில் அப்படிப் பன்னிரண்டு பொருட்கள் தேறின. மீதியை அவரே கிழித்துப் போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், கைபேசியை மேஜையில் வைத்தார். பெங்களூரில் இந்த விளையாட்டுக்குப் புத்தகம் போடுகிற ஒரு சிறு குழுவினர் சபிக்கப்பட்ட பொருட்கள் கேட்டிருந்தார்கள். தேர்ந்தெடுத்தால் செய்தவர் பெயரோடு அச்சில் வரும். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. செய்தவருக்குப் பழக்கமே இல்லாத ஆட்கள் அந்தப் பொருட்களை எடுத்து ஆடியிருக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள் என்ற குறிப்பும் கூடவே போக வேண்டும்.

“நீங்க மூணு பேரும் செல்லாது. எம் புத்தி எப்பிடிப் போவும்னு ஒங்களுக்குத் தெரியும்” என்றார். அப்புறம் சற்று நேரம் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார். “எம் பேரு எதுல அச்சாயிருக்கு சொல்லு. ஸ்டோர் லிஸ்டுல கீழ, கையெழுத்து விளங்காத எடத்துல. ஒரு தடவ ஒரு புஸ்தகத்துல வந்துட்டா போதும்லே.”

அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

தேடிப் பிடித்து, ஒரு கல்லூரி ஹாஸ்டலில் ஆறு மாணவர்களைச் சம்மதிக்க வைத்தார். பரீட்சை முடிந்து மெயின்லேண்டு கப்பல் ஏறுவதற்கு முன் அவர்களுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது. சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா பன்னிரண்டு பொருட்களையும் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, சணலால் கட்டி, ஸ்டோரில் ஒரு மூலையில் வைத்தார்.

இனிமேல்தான் என் திருவிளையாடல். வியாழக்கிழமை அக்கா விடுப்பு. அன்று எங்கள் ஹட் பே கிளை அலுவலகத்துக்குக் கப்பலில் சாமான் அனுப்ப வேண்டும். ஹட் பே என்பது லிட்டில் அந்தமான் தீவில் இருக்கிறது, காலையில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். மாலைக் கப்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு, “கப்பல் பாரா பஜே சூட் ரஹா ஹை!” என்று பியூன் ஓடி வந்தார். பன்னிரண்டு மணிக்கே கிளம்புகிறதாம்.

பட்டியலோ பெட்டியோ எதுவும் தயாராக இல்லை. கண்ணை ஓட்டினேன். மூலையில் ஒரு பெட்டி, சணலை அவிழ்த்தால் ஒவ்வொரு பொருளிலும் அட்டை, எண், எண்ணிக்கை, அழகான கையெழுத்து. நம் அலுவலகத்தில் இவ்வளவு முறையாக ஒரு பெட்டி தயாராகி நான் பார்த்ததே இல்லை. அக்கா எனக்காகவே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று புளகாங்கிதம் அடைந்து, அட்டைகளைப் பார்த்துப் பார்த்து அப்படியே பட்டியல் அடித்தேன். குடை, சபிக்கப்பட்டது, ஒன்று. டம்ளர், சபிக்கப்பட்டது, ஒன்று. மணி, சபிக்கப்பட்டது, ஒன்று. கை அடித்ததே தவிர மூளை படிக்கவில்லை. ஞாயிறுதோறும் நானே எடுத்து ஆடிய பொருட்கள் என்பதுகூட அந்த அவசரத்தில் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பழுதடைந்தது, துருப்பிடித்தது என்பதுபோல அதுவும் ஒரு அரசாங்க வார்த்தை என்றே நினைத்தேன். அதிகாரியும் கையெழுத்துப் போட்டார். பெட்டி கப்பல் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வந்தார். மூலையைப் பார்த்தார். என்னுடைய பட்டியலின் நகலைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃபினாயில் பாட்டில்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஹட் பேக்கு ஃபோன் போட்டேன். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ராமையா அண்ணன், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். கடல் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

“பெட்டி வந்துருச்சு தம்பி. ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு.”

“அண்ணே, அது தப்பா வந்துடுச்சு. அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுங்க.”

“எப்படிங்க தம்பி அனுப்புறது? நல்லா இருக்கிற பொருள திருப்பி அனுப்ப ரூல் இல்லீங்களே. லாயக்கில்லன்னு போர்டு எழுதணும்.”

“அண்ணே, அது சபிக்கப்பட்ட குடைண்ணே!”

“ஆமாங்க. கொடையும் நல்லாத்தான் வேல செய்யுது. சாபமும் நல்லாத்தான் வேல செய்யுது.”

சனிக்கிழமை மாணவர்கள் வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். ஞாயிறு கழிந்ததும் கப்பல் ஏறிப் போயும் விட்டார்கள். பெங்களூருக்கு அனுப்பக் கடைசி நாள் வர இன்னும் பத்து நாள் இருந்தது. பெட்டியாவது கையில் இருந்தால் வேறு யாரையாவது பிடிக்கலாம். அக்கா ஒரு குறிப்பு எழுதினார். ஹட் பேயில் உள்ள பன்னிரண்டு பொருட்களைப் பரிசீலிக்கக் கண்டெம்னேஷன் போர்டு, உறுப்பினர்கள் மூவர்: அக்கா, நான், ராமையா அண்ணன். அதிகாரி இதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஹட் பேயில் தனக்கு வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று காதர் பாயும் சேர்ந்துகொண்டார். மித்தாலி தீதிக்கு டியூட்டி. வாந்தி மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்பினார். கப்பலில் அக்கா என்னோடு பேசவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு ஓர் அட்டையில் ஏதோ எழுதினார். என் மடியில் போட்டார். ‘பொருள்: குமாஸ்தா. எண்ணிக்கை: ஒன்று. வரம்: எதையும் விரைவாகக் கட்டி அனுப்புவான். சாபம்: என்ன அனுப்பினோம் என்று தெரியாது.’

“அப்பாடா, பேச ஆரம்பிச்சுட்டாங்க தம்பி” என்று பாய் என் முதுகில் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுக்கப் போனார்.

ஹட் பே அலுவலகத்துக்கு நாங்கள் போனபோது நல்ல மழை. வாசலில் ஒரு பியூன் அக்காவின் குடையைப் பிடித்து எங்களை வரவேற்றார். அந்தக் குடையின் வரம், பிடித்தவர் மேல் ஒரு சொட்டு விழாது. சாபம், பக்கத்தில் நிற்பவர் மேல் இரண்டு மடங்கு பெய்யும். பக்கத்தில் வந்த எழுத்தர் தொப்பலாக நனைந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், கடமையே கண்ணாக நடந்து வந்தார். அக்கா அவரையே உற்றுப் பார்த்தார்.

“அவரு கொடைக்கு வெளியேல்லா வாராரு” என்று என் காதில் கிசுகிசுத்தார். “உள்ள எடம் இருக்கு. வேணும்னே வெளிய வாராருலே.”

ராமையா அண்ணன் மெலிந்த மனிதர், சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. நாற்காலி போட்டார், இளநீர் கொடுத்தார், ரிஜிஸ்டரை விரித்தார். “மேடம், வந்த நாள்லருந்து ஒவ்வொரு பொருளும் எப்படி நடந்துக்கிச்சுன்னு ரிமார்க்ஸ் கட்டத்துல எழுதியிருக்கோம். கொற ஏதும் இருந்தா சொல்லணும்.”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

அந்த டம்ளரில் எதை ஊற்றினாலும் அருமையான டீயாக மாறிவிடும். குடித்தவர் அடுத்துப் பேசுகிறவர் சொல்வதற்கெல்லாம் சம்மதிக்க வேண்டும், அது சாபம். ரிஜிஸ்டர் சொன்னது: ‘சூப்பரின்டென்டென்ட் முதல் நாள் அருந்தினார். அடுத்துப் பேசியவர் மூன்று நாள் விடுப்புக் கேட்டார். வழங்கப்பட்டது. மறுநாள் காலை ஊழியர்கள் அனைவரும் ஆளுக்கொரு டீயோடு வரிசையில் நின்றனர். அன்று முதல் சூப்பரின்டென்டென்ட் இளநீர் மட்டுமே அருந்துகிறார், அதுவும் காயிலிருந்தே.’

மணி அடித்தால் தூங்குகிற அத்தனை பேரும் விழிப்பார்கள், அடித்தவருக்கு மட்டும் பொழுது சாயும் வரை காது கேட்காது. ‘பியூன் தினமும் காலை பத்து மணிக்குத் தாமாக முன்வந்து அடிக்கிறார். அதன்பின் எந்த வேலை சொன்னாலும் அவருக்குக் கேட்பதில்லை. சாபம் திருப்திகரம். வேறு ஆளை நியமிக்க யோசனை.’

மர வாள் தேங்காய் உடைப்பவரிடம் போயிருந்தது. ‘ஒவ்வொரு வெட்டுக்கும் முன் பெயர், தகப்பனார் பெயர், ஊர், காரணம் கூறுகிறார். பிறகு அரிவாளால் வெட்டுகிறார். நாள் ஒன்றுக்கு நாற்பது காய் என்பது ஆறு காயாகக் குறைந்தது. ஆனால் அவருடைய தகப்பனார் பெயர் இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதில் அவருக்கு மகிழ்ச்சி.’

காதர் பாய் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு பொருட்களுக்கும் எழுதியிருந்தார்கள். செருப்பைப் போட்டவர் வலது காலுக்காகக் கப்பல் கம்பெனியில் விசாரித்ததாகக்கூட ஒரு வரி இருந்தது. சில இடங்களில் சிவப்புப் பேனாவில் திருத்தமும் இருந்தது. ‘குடைச் சாபம் பக்கத்தில் உள்ளவர்களில் பதவியில் மூத்தவர் மேல் பெய்யும்படி அமைத்தால் இன்னும் பலர் குடையைப் பயன்படுத்துவர்.’

“ஏலே” என்றார் அக்கா. ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினார். “ஏலே தம்பி, இவங்க யாருக்காவது என்னைத் தெரியுமால?”

“தெரியாதுக்கா.”

“எம் புத்தி எப்பிடிப் போவும்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“வெளையாடியிருக்காங்கல்லா? பன்னெண்டையும் எடுத்து வெளையாடி, குறிப்பும் எழுதியிருக்காங்கல்லா?”

அதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. பெங்களூர்க்காரர்கள் கேட்டது இதைத்தான். இதற்கு மேல் பழக்கமில்லாத ஆட்களுக்கு எங்கே போவது? அக்கா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். ராமையா அண்ணன் பதறிப்போய் எழுந்தார்.

“மேடம், ரூல்படிதான் எழுதினோம்! தப்பா?”

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க” என்றேன் நான். “நீங்க இந்தச் சாபத்தையெல்லாம் நம்பினீங்களா?”

“நம்புறது நம்பாதது நம்ம வேல இல்லீங்க தம்பி. பேப்பர்ல சாபம்னு போட்டு, ஆபீசர் கையெழுத்தோட வந்துருக்கு. வந்த பொருள அதுக்குண்டான முறையில உபயோகிக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு. “மழக்காலங்க. கப்பல் நெனச்சா வருது, நெட்டு நெனச்சா வருது. இப்படி ஒரு பெட்டி இதுவரைக்கும் யாருங்க எங்களுக்கு அனுப்பிச்சா?”

பிறகு போர்டு கூடியது. ராமையா அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பன்னிரண்டும் நல்ல நிலையில் இருக்கும்போது லாயக்கில்லை என்று எப்படி எழுதுவார்? பாய் பேசிப் பார்க்கவா என்று சைகை செய்தார். டிராகனையே மசிய வைத்தவர். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“சரியாத்தான சொல்லுதாரு. எம் பொருள் லாயக்கில்லன்னு எழுத எனக்கும் மனசு வராதுல்லா. இங்கேயே இருக்கட்டும். எனக்கு ரிஜிஸ்டர் நகல் மட்டும் போதும்.”

நகலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ராமையா அண்ணன் முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பும்போது கப்பல் துறை வரை அதே பியூன் அதே குடையோடு வழியனுப்ப வந்தார். நான் நானாகவே குடைக்கு வெளியே நடந்து முழுக்க நனைந்தேன். அக்கா பார்த்தார். “போதும்லே, உள்ள வா, சளி பிடிக்கும்” என்றார். மன்னித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

புத்தகம் எட்டு மாதம் கழித்து வந்தது. பன்னிரண்டில் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்காவின் பெயர் தனி வரியில், கொட்டை எழுத்தில். கீழே, ஆடிச் சோதித்தவர்கள் என்று ஹட் பே அலுவலகத்தின் ஒன்பது பேரும், தேங்காய் உடைப்பவரின் தகப்பனார் பெயர் உட்பட. அது வராவிட்டால் தன் பெயரும் வேண்டாம் என்று அக்கா பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஒரு பிரதியை ஹட் பேக்கு அனுப்பினோம். ராமையா அண்ணன் ரிஜிஸ்டரில் ஏற்றினார்: புத்தகம், ஒன்று, சாபம் ஏதும் இதுவரை தென்படவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் ஆனது. கடைசி ஞாயிறு ஆட்டத்தில் அக்கா ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஓடாத கடிகாரம். மூன்று மணியில் நின்றிருந்தது. அட்டையை நான் படிப்பதற்குள் “பானி ஆயா!” என்று குரல் வந்துவிட்டது. வாளி தூக்கப் போய்விட்டோம். கப்பலில் ஏறிய பிறகுதான் படித்தேன். ‘பொருள்: கடிகாரம். எண்ணிக்கை: ஒன்று. வரம்: எப்போதும் ஞாயிறு மூன்று மணி. சாபம்: மேற்படியே. நீக்கும் முறை: மூவர் கையெழுத்து.’

இப்போது அது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் நின்றுபோச்சே என்கிறார்கள். ஓடாத கடிகாரம் வீட்டுக்கு ஆகாது, கழற்றுங்கள் என்று என் மனைவி ஒரே பிடியாகப் பிடித்தாள். போர்டு கையெழுத்து இல்லாமல் முடியாது என்றேன். விடாப்பிடியாக அவளே ஃபோனில் பேசிக் காதர் பாயிடமும் மித்தாலி தீதியிடமும் சம்மதம் வாங்கிவிட்டாள். மூன்றாவதாக அக்காவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

மறுமுனையில் பகடை உருளும் சத்தம். பின்னால் மேஜையைக் குத்தும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“ஓடலியா? மூணு மணிதான காட்டுது? சரியாத்தான் இருக்கு தாயி. நல்ல நெலமையில இருக்கிற பொருளுக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போட?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள், மேல்முறையீடு செய்யுங்கள் என்றாள். நான் துணியை எடுத்துக் கடிகாரத்தைத் துடைத்து, நேராக மாட்டினேன்.